காட்டுப்பேச்சியின் சாட்சி

‘கர்ணன்’ படத்தின் முதல் காட்சி நினைவிருக்கிறதா தோழர்களே? நடுரோட்டில் ஒரு சிறுமி வலிப்பு வந்து கிடக்கிறாள். வண்டிகள் போகின்றன, எதுவும் நிற்கவில்லை. கிடந்தபடியே செத்துப்போகிறாள். அதன்பிறகு படம் முழுக்க அவள் சாமி முகமூடியோடு வந்து நிற்கிறாள். காட்டுப்பேச்சி.

கயத்தாறு பக்கத்து ஊர் ஒன்றில் நாங்கள் நடத்தும் மாலைப் பாட மையத்தில், போன கோடை விடுமுறையில் இந்தப் படத்தைப் போட்டோம். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, “அக்கா, அந்தப் பிள்ள சாமியா, பேயா?” என்று கேட்டாள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு பாட்டி பதில் சொன்னார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடித்து வந்து, சுவரில் சாய்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தவர். “சாமியும் இல்ல, பேயும் இல்ல. பஸ் நிக்காமச் செத்த பிள்ளைத்தா அது.”

மாரி செல்வராஜின் கலையைப் பற்றி எத்தனையோ விமர்சனங்கள் படித்திருக்கிறேன். குறியீடு என்றார்கள், தொன்மம் என்றார்கள். பாட்டி சொன்னதைப் போல நேராக யாரும் சொல்லவில்லை. அந்தச் சாமிக்கு மரணக் காரணம் இருக்கிறது. பஸ் நிற்கவில்லை என்பதுதான் அதன் தலபுராணம்.

மாரி செல்வராஜ் தாமிரபரணிப் பக்கத்துப் புளியங்குளத்துக்காரர். வாழையும் ஆறும் உள்ள பூமி. அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பின் பெயரே ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’. ஆனால் 2021 ஏப்ரலில் வந்த ‘கர்ணன்’ எங்கள் கரிசல் காட்டின் கதை. படத்தில் பொடியன்குளம் என்று வருவதைப் பார்த்ததும் இந்தப் பக்கத்தில் எல்லோரும் கொடியங்குளம் என்றே வாசித்தோம். கோவில்பட்டிக்குத் தெற்கே, ஓட்டப்பிடாரம் வட்டத்தில் இருக்கிறது அந்த ஊர். 1995 ஜூலையில் ஒரு பஸ் ஓட்டுநருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நடந்த தகராறில் தொடங்கிய சாதிக் கலவரம், மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. ஆகஸ்டு 31 அன்று சுமார் 600 போலீஸார் கொடியங்குளத்துக்குள் புகுந்தார்கள். வளைகுடா நாடுகளில் உழைத்து வாங்கிய டிவி, மின்விசிறி, தையல் மிஷின் எல்லாம் நொறுக்கப்பட்டன. பாஸ்போர்ட்டுகளும் படிப்புச் சான்றிதழ்களும் அழிக்கப்பட்டன. குடிக்கிற கிணற்றில் விஷம் கலந்தார்கள். நான் அப்போது சின்னப் பிள்ளை. பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பஸ் வெறும் வண்டி கிடையாது என்பதை இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1997இல் ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தார்கள். அவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சொல்லிக் கலவரம் செய்தார்கள். கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் எல்லாக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. மாவட்டங்களின் பெயரையும் சேர்த்து. ஒரு தலித்தின் பெயர் பஸ்ஸின் நெற்றியில் ஓடக்கூடாது என்பதற்காக ஊரில் உள்ள பெயரெல்லாம் போயிற்று. இதைத் தெரிந்து பார்த்தால், படத்தில் கர்ப்பிணித் தாயை ஏற்றாமல் போன பஸ் மேல் அந்தச் சின்னப் பையன் எறிகிற கல் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று விளங்கும்.

கொடியங்குளத்துக்கு விசாரணை ஆணையம் வந்தது. அறிக்கைகள் வந்தன. அதையெல்லாம் வைத்து ஒரு ஆவணப்படம் எடுத்திருக்கலாம். மாரி செல்வராஜ் ஏன் ஒரு பேச்சியை நடுவில் நிறுத்தினார்? என்னை இழுத்த கேள்வி இதுதான். இதற்குப் பதில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே, உடைமரங்களுக்கு நடுவில் ஒரு பீடம் உண்டு. செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு அடித்தது, இடுப்பு உயரம்கூட இருக்காது. பேச்சி என்போம். என் பாட்டியின் பாட்டிக்குத் தங்கை முறை. மிளகாய்க் காட்டில் பழம் எடுக்கப் போனவள், காட்டுக்காரர் கிணற்றில் செத்துக் கிடந்தாள். எப்படி என்று கேட்டால், “தவறி விழுந்துட்டா” என்பார் பாட்டி. வருஷத்தில் 364 நாளும் அதுதான் கதை. கொடை அன்று ராத்திரி மேளம் ஏற ஏறப் பாட்டி மேல் பேச்சி இறங்குவாள். அப்போது குரல் மாறும். “தள்ளிட்டான், என்னத் தள்ளிட்டான்” என்று தலைமுடியை அவிழ்த்துப் போட்டு ஆடுவார். தள்ளியவனின் வீட்டுப் பெயரும் வரும். விடிந்து மஞ்சத்தண்ணி ஊற்றிக் குளித்துவிட்டு வந்தால் மறுபடி, “தவறி விழுந்துட்டா தாயி, பாவம்.”

எம்.ஏ. சமூகவியலில் எங்களுக்கு எம்.என். சீனிவாஸின் சமஸ்கிருதமயமாக்கத்தை விழுந்து விழுந்து நடத்தினார்கள். கீழே இருப்பவர் மேலே இருப்பவரைப் பார்த்துப் பாவிப்பார் என்ற பாடம். என் பாட்டி யாரைப் பார்த்துப் பாவித்தார்? நிலம் அவர்களுடையது, கூலி அவர்களுடையது, போலீஸ் ஸ்டேஷன் அவர்களுடையது. பகலில் அந்தப் பெயரைச் சொன்னால் மறுநாள் காட்டு வேலை இல்லை. சாமி சொன்னால் யாரும் சாமி மேல் கேஸ் போட முடியாது. எழுதப்படாத எஃப்.ஐ.ஆர். அது. வருஷா வருஷம் ஒரு தரம் வாசிக்கப்பட்டுக் குடும்பத்துக்குள்ளேயே பத்திரமாக இருந்தது.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியதல்ல. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் குமரி மாவட்ட வில்லுப்பாட்டு பற்றி 1980களில் எழுதினார். பிறப்புக் கதையாக வரும் சாமிகள் ஒரு வகை. அநியாயமாகக் கொல்லப்பட்டுச் சாமியானவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைக் கதைகளில், கொலை நடக்கிற இடத்தைப் பாட்டு தொடும்போதுதான் ஆட்டம் உச்சத்துக்குப் போகிறது என்பது அவர் கண்டது. தென்மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல அமெரிக்காக்காரர் வேண்டாம்தான். இருந்தாலும் புத்தகத்தில் இருந்தால்தானே பல்கலைக்கழகம் நம்புகிறது.

மாரி செல்வராஜ் செய்திருப்பது அந்தக் கொடை ராத்திரியைத் திரைக்குக் கொண்டுவந்தது. படத்தில் பேச்சி அருளாக இறங்கி, தான் சேர்த்து ஒளித்து வைத்த காசு எங்கே இருக்கிறது என்று சொல்லும் காட்சி வரும். வரம் கொடுக்கிற தெய்வம் பேசுகிற பேச்சா அது? உண்டியல் சேர்த்த ஒரு சின்னப் பிள்ளையின் பேச்சு. 2018இல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்திலும் தண்டவாளத்தில் கட்டிப் போட்டுக் கொல்லப்பட்ட கருப்பி என்ற நாய் திரும்பத் திரும்ப வருகிறது. கதாநாயகனின் பெயரே குதிரை ஏறி வரும் ஒரு நாட்டுத் தெய்வத்தின் பெயர். பெண் வேஷம் கட்டி ஆடும் அப்பாவாக நடித்த தங்கராஜ், நிஜமாகவே அப்படி ஆடிப் பிழைத்த நெல்லைக் கலைஞர், 2023இல் காலமானார். 2025இல் வந்த ‘பைசன்’ படத்துக்குக் காளமாடன் என்று சேர்த்துப் பெயர் வைத்தார். செத்தவர்களையும் பீடத்துச் சாமிகளையும் விட்டு இந்த மனிதர் ஒரு படம்கூட எடுக்க மாட்டாரோ என்று சிலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எடுக்க வேண்டாம் என்பேன்.

முகமூடி போட்ட செத்தவர்கள் திரும்பி வருவது உலகத்தின் இன்னொரு மூலையிலும் உண்டு. இன்றைய நைஜீரியா, பெனின் பகுதிகளில் வாழும் யொரூபா மக்களின் வழக்கம் அது. எகுங்குன் என்பார்கள். தலை முதல் கால் வரை துணியால் மூடிக்கொண்டு, மாறிய குரலில் பேசியபடி மூதாதை வருவார். உள்ளே இருப்பது யார் என்று பார்க்கக் கூடாது. இந்த மக்களையும் பக்கத்து ஃபோன் மக்களையும் இன்னும் பலரையும் அடிமைகளாகக் கப்பலேற்றி பிரேசிலில் இறக்கினார்கள். மொத்தம் ஏறத்தாழ 48 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அந்த ஒரு நாட்டில் மட்டும் இறக்கப்பட்டார்கள். 1888 வரை அங்கே அடிமை முறை சட்டப்படி நடந்தது. பஹியா மாநிலத்தில் அவர்கள் காப்பாற்றி வைத்துக்கொண்ட வழிபாட்டுக்குக் கண்டோம்ப்ளே என்று பெயர். மேளம், ஆட்டம், அருள் இறங்குதல், படையல் எல்லாம் உண்டு. நம் ஊர்க் கொடை பார்த்தவர்களுக்குப் புதிதாக எதுவும் விளக்க வேண்டியதில்லை.

அதையும் போலீஸ்தான் துரத்தியது. பஹியாவில் சடங்கு நடத்தப் போலீஸிடம் பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி 1976 வரை இருந்தது. ரியோ நகரப் போலீஸ் ரெய்டு போய் அள்ளிவந்த மேளங்களும் சாமிப் பொருள்களும் 500க்கும் மேல். ‘பில்லிசூனிய அருங்காட்சியகம்’ என்று பெயர் வைத்துப் பூட்டி வைத்திருந்தார்கள். வழிபாட்டுத் தாய்மார்களும் இயக்கத்தாரும் போராடி 2020இல்தான் அவை போலீஸ் கையிலிருந்து வெளியே வந்து ஒரு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயின. சாமியே விசாரணைக் கைதியாக இருந்திருக்கிறது பாருங்கள்.

இந்த மரபிலிருந்து வந்த கலைஞர் ஒருவரின் வேலையைத்தான் நம் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்படுகிறேன். அய்ர்சன் ஹெராக்ளிட்டோ, 1968இல் பஹியாவின் மகாவ்பாஸ் ஊரில் பிறந்தவர். பேராசிரியர், காணொளிக் கலைஞர், கண்டோம்ப்ளே வழிபாட்டில் பொறுப்பு வகிப்பவர். 2015இல் இரண்டு காணொளிகள் செய்தார். ஒன்று பஹியா கடற்கரையில் பெரும் நிலக்கிழார் குடும்பம் ஒன்று கட்டிய கோட்டை வீடு. மற்றொன்று கடலுக்கு அந்தப் பக்கம், செனகலின் கொரே தீவில் இருக்கும் அடிமைகள் வீடு. இரண்டு இடத்திலும் வெள்ளை உடுத்திய ஆண்கள் பச்சிலைக் கொத்துகளைக் கையில் எடுத்துக்கொண்டு நுழைகிறார்கள். சுவரை அடிக்கிறார்கள், தரையை அடிக்கிறார்கள், வாசலை அடிக்கிறார்கள். வீட்டில் தங்கிவிட்ட கெட்டதை விரட்டக் கண்டோம்ப்ளேக்காரர்கள் செய்யும் சடங்கு அது. 2017இல் வெனிஸ் கலைக் கண்காட்சியிலும் காட்டப்பட்டது.

எங்கள் ஊர் வேப்பிலை அடியேதான். ஆனால் ஒரு வித்தியாசம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நம் நாட்டில் தீட்டுக் கழிப்பது எப்போதும் நாம் தொட்ட இடத்தில். 1927 மார்ச் 20 அன்று மஹாட் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பிறகு அந்தக் குளத்தில் மாட்டுச் சாணமும் மூத்திரமும் கலந்து ஊற்றிச் ‘சுத்தம்’ செய்தார்கள். கொடியங்குளத்தில் விஷம் வந்து விழுந்ததும், 2022இல் வேங்கைவயலில் மலம் கலக்கப்பட்டதும் நம் தண்ணீரில். ஹெராக்ளிட்டோ இலையை எடுத்துக்கொண்டு ஆண்டையின் வீட்டுக்குப் போகிறார். தீட்டு அங்கேதான் இருக்கிறது என்கிறார். அடிபட்டவன் ஏன் குளிக்க வேண்டும், அடித்தவன் வீட்டை அல்லவா கழுவ வேண்டும்? எங்கள் பேச்சி செத்த கிணறு இன்னும் இருக்கிறது. அந்தக் கிணற்று மேட்டில் யாரும் இதுவரை வேப்பிலை அடித்ததில்லை.

இனி அந்தப் பெயர் விஷயத்துக்கு வருகிறேன். அடிமைக் காலத்தில் யொரூபா தெய்வங்களைக் கத்தோலிக்கப் புனிதர்களின் பெயரில் மறைத்து வைத்துக் கும்பிட்டார்கள். காற்றுக்கும் புயலுக்கும் உரிய இயான்சா, புனித பார்பரா ஆனாள். உயிர் பிழைக்க அப்படிச் செய்தார்கள், சரி. 1983இல் சால்வடார் நகரில் மாய் ஸ்டெல்லா என்ற வழிபாட்டுத் தலைவியும் வேறு சில தாய்மார்களும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். இனி மறைக்கத் தேவையில்லை, இயான்சா இயான்சாதான் என்பது அதன் சாரம். ‘மாய்’ என்றால் போர்த்துகீசிய மொழியில் தாய்.

நமக்கு நடப்பது எதிர்த்திசையில். பாபநாசம் மலைமேல் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இருக்கும் முத்துப்பட்டனைத் தெரியும். பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் வீட்டுப் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கட்டிக்கொண்டு, செருப்புத் தைத்து வாழ்ந்து, மாடு காக்கப் போய்ச் செத்தவன். இன்றும் அவனுக்குச் செருப்புதான் காணிக்கை. அந்தக் கதைப்பாட்டுக்குள் பிற்காலத்தில் ஒரு சேர்க்கை நுழைந்தது: பெண்கள் இருவரும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்று. நா. வானமாமலை அந்தக் கதையைப் பதிப்பித்தபோது இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். செத்தவனை மாற்ற முடியாவிட்டால் அவன் காதலித்தவளின் பிறப்பை மாற்றிவிடுவது. எங்கள் பக்கத்திலும் இப்போது பீடங்களுக்குக் கும்பாபிஷேகம் நடக்கிறது. மார்பிள் பதிக்கிறார்கள், மாலை ஆறு மணிக்கு ஸ்பீக்கரில் சுலோகம் ஓடுகிறது. பேச்சி பார்வதியின் அம்சம் என்று நோட்டீஸில் அச்சடிக்கிறார்கள். பார்வதியின் அம்சத்தை யார் கிணற்றில் தள்ளினார்கள் என்று எவரும் கேட்க மாட்டார்கள். கேள்வியையே எடுத்துவிட்டார்களே.

ஒரு பயிற்சி முகாமில் இதைச் சொன்னபோது மூத்த தோழர் ஒருவர் கோபப்பட்டார். “நாக்பூரில் அண்ணல் 22 உறுதிமொழி கொடுத்தது எதுக்கு? நீங்க பிள்ளைகளைக் கொண்டுபோய் மறுபடி சாமியாட விடுறீங்களா?” நியாயமான கேள்வி. அந்த உறுதிமொழிகளில் பிரம்மா, விஷ்ணு, மகேஸ்வரன், ராமன், கிருஷ்ணன், கௌரி, கணபதி எல்லோரும் பெயரோடு வருகிறார்கள். நான் அவர்கள் யாரையும் கும்பிடுவதில்லை. பேச்சியையும் வரம் கேட்டுக் கும்பிடுவதில்லை. சமூகப் பணியாளராக எனக்கு வேண்டியது எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, 1989ஆம் வருஷச் சட்டத்தின் சரியான பிரிவு. அருள்வாக்கை எந்தக் கோர்ட்டும் ஏற்காது, ஏற்கவும் கூடாது. ஆனால் எஃப்.ஐ.ஆர். இல்லாத காலத்துச் சாவுகளை எங்கே போய்த் தேடுவது? அந்தத் தோழரும் ஒவ்வொரு செப்டம்பர் 11க்கும் பரமக்குடி போகிறவர்தான். 1957இல் கொல்லப்பட்ட இம்மானுவேல் சேகரனுக்கு மாலை போட, 2011இல் அதே நாளில் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களை நினைக்க. அங்கே முளைப்பாரி எடுத்து வரும் பெண்களைப் பகுத்தறிவில்லாதவர்கள் என்று அவர் சொன்னதில்லை.

‘கர்ணன்’ மேல் எனக்கு வேறொரு வருத்தம் உண்டு. படத்தில் வாள் கர்ணனுக்குப் போகிறது. மீனை ஒரே வீச்சில் வெட்டி வாளை வாங்குகிறான், குதிரை ஏறுகிறான், கடைசியில் கொலையும் செய்கிறான். பேச்சி முகமூடியோடு ஓரமாக நிற்கிறாள். படம் வந்த பிறகு எங்கள் பகுதிப் பையன்களின் வாட்ஸப் ஸ்டேட்டஸ் எல்லாம் வாள்தான். கையில் கயிறு, நெற்றியில் துண்டு. பேச்சியின் முகமூடியை வைத்து ஒருத்தன் ஸ்டேட்டஸ் போட்டு நான் பார்க்கவில்லை. செத்தவளின் சாட்சி ஆம்பிளையின் வீரமாக மாறிவிடும்போது, அவள் ஏன் செத்தாள் என்பது பின்னால் போய்விடுகிறது. ஒரு சினிமா அவ்வளவு பேரிடம் போய்ச் சேர வேண்டும் என்றால் வாள் தேவைப்பட்டிருக்கலாம். ஹெராக்ளிட்டோவுக்கு டிக்கெட் விற்க வேண்டிய கட்டாயம் கிடையாது, வெறும் இலையோடு போக முடிந்தது.

அந்த வாள் அடுத்த தெருவைப் பார்த்தும் திரும்பும், அதுதான் என் பயம். எங்கள் ஊர்க் கொடைக்கு மேளம் அடிக்க அருந்ததியர் தெருவிலிருந்து வருவார்கள். அவர்கள் அடித்தால்தான் எங்கள் பேச்சி இறங்குவாள். அடித்து முடித்ததும் அவர்களுக்குச் சோறு தனி வரிசையில். இதை நான் வீட்டில் கேட்டபோது, “அது அப்படித்தான் தாயி” என்ற பதில்தான் கிடைத்தது. பஸ்ஸில் நமக்கு இடம் இல்லை என்று அழுத அதே வாய்.

போன ஜூன் முதல் பாட மையத்துப் பிள்ளைகள் பீடக் கதைகளை எழுதி வருகிறார்கள். நோட்டில் நாலு கலம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்: செத்தவர் பெயர், யாருக்கு என்ன முறை, பகலில் சொல்லும் கதை, கொடையில் சொல்லும் கதை. பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும், ஆம்பிளைகள் பக்கத்தில் இருந்தால் மூன்றாவது கலத்தோடு பேச்சு நின்றுவிடுகிறது. இதுவரை பதினொரு பீடம் எழுதியாயிற்று. ஏழு பெண்கள், மூன்று ஆண்கள், பெயர் இல்லாத ஒரு குழந்தை. கிணறு நாலு, அடி மூன்று, காய்ச்சல் ஒன்று, மூன்றுக்கு நாலாவது கலம் காலியாக இருக்கிறது.

பதினொன்றும் எங்கள் தெருவைச் சேர்ந்தவை. அருந்ததியர் தெருக் கடைசியில், கம்மாய்க் கரையில் ஒரு பீடம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் யாருக்கும் அது யார் என்று தெரியவில்லை. அங்கே போய்க் கேட்க மையத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒருத்தி அந்தத் தெருப் பிள்ளை. இன்னொருத்தியின் வீட்டில், அந்தத் தெருவுக்குள் போனால் வீட்டுக்குள் வராதே என்று சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் நோட்டோடு வந்து நிற்பாள் என்றுதான் நினைக்கிறேன்.